இளவயதினரின் முழங்கால் தேய்வும் எலும்புச் சீரமைப்பும்

முழங்கால் மூட்டுத் தேய்வு முதுமைக்குரிய நோய் என்றே பலரும் கருதுகின்றனர். நாற்பது, ஐம்பது வயதில், சுமை தூக்கியும் வயலில் குந்தி வேலை செய்தும் பிழைப்பவரை அது தாக்கும்போது, மருத்துவச் சிக்கல் வாழ்வாதாரச் சிக்கலாகிறது. இத்தகையோருக்கு உடனே செயற்கை மூட்டு பொருத்துவது தக்கதா என்பது ஆராயத்தக்கது.

செயற்கை மூட்டும் தேயக்கூடியதே. பிரிட்டனில் நடைபெற்று 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றிக்கொண்டோரில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களிடையே இது 35 சதவீதம் வரை உயரலாம். மறு அறுவை முதலாவதைவிடக் கடினமானது, செலவும் மிகுதி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அது செலவைக் குறைத்ததேயன்றித் தேய்வைக் குறைக்கவில்லை.

இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு வரையும் நேர்கோடே உடற்சுமை இறங்கும் வழி. இயல்பான காலில் அது முழங்காலின் ஏறக்குறைய நடுவே செல்லும். கால் வில்போல் வெளிப்புறம் வளைந்திருப்பின் கோடு உட்புறம் விலகி, சுமையின் பெரும்பகுதி உட்புறக் குருத்தெலும்பின்மேல் விழுகிறது. அது தேயத்தேய வளைவு மிகும். வளைவு மிகமிகத் தேய்வும் மிகும். அச்சு கோணிய வண்டியில் சக்கரத்தின் ஒரு பக்கமே தேய்வது போன்றது இது.

இக்கோணலைத் திருத்துவதே எலும்புச் சீரமைப்பு அறுவை. டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பை மூட்டுக்குச் சற்றுக் கீழே உட்புறத்திலிருந்து வெட்டுவர். வெளி ஓரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டரை வெட்டாமல் கீல்போல் விட்டு, பிளவை மெல்ல விரித்து, தகட்டாலும் திருகாணிகளாலும் பிணைப்பர். வெளிப்புறத்தில் ஆப்பு வடிவத் துண்டை நீக்கி மூடும் முறையை அமெரிக்க மருத்துவர் கவென்ட்ரி 1965இல் விளக்கினார். அதுவே நெடுங்காலம் பரவலாக வழங்கிற்று. எவ்வளவு திருத்துவது என்பதில்தான் வெற்றி அடங்கியுள்ளது. நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுத்த எக்ஸ்ரே படத்தில் அளந்து, சுமைக்கோடு மூட்டு அகலத்தின் உள்விளிம்பிலிருந்து சுமார் 62 சதவீதத் தொலைவில் விழுமாறு திட்டமிடுவது நெடுநாளைய வழக்கம். படுத்த நிலையில் முழங்காலை மட்டும் எடுத்த படம் இதற்கு உதவாது.

இம்முறை அனைவருக்கும் ஏற்றதன்று. வெளிப்புறக் குருத்தெலும்பு நலமாயிருத்தல் வேண்டும். மூட்டு நன்கு மடங்கி நீள வேண்டும். முடக்குவாதத் தேய்வுக்கு இது பயன்படாது. புகைபிடிப்போருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். பல வாரங்கள் ஊன்றுகோலுடன் நடக்க நேர்வதால், கூலி வேலை செய்வோருக்கு வருமான இழப்பு சிறிதன்று. நோயும் அடியோடு நீங்குவதில்லை. எனினும் பத்தாண்டு கடந்தும் பெரும்பாலோர் சொந்த மூட்டுடனேயே நடமாடுகின்றனர். பின்னர் தேவைப்படின் செயற்கை மூட்டு பொருத்தவும் வழியுண்டு.

வலிமாத்திரையிலேயே ஆண்டுகளைக் கழித்து வருவோருக்கு வெளிப்புறமும் தேய்ந்து, இவ்வாய்ப்பு நழுவியிருக்கும். முழங்காலின் உட்புறத்தில் வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நடுவயதினரை நிற்கவைத்து, கால் வளைவைப் பார்த்து, உரிய காலத்தில் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.