மோட்டாரை அளக்க எந்தக் கருவி? வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மின்மோட்டார் பாடத்தில், காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழல்வதைக் காட்டிவிடுகிறோம். "தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஏன் ஒரு கணம் மங்குகிறது?" என்று மாணவர் கேட்டால், தொடக்கத்தில் மின்னோட்டம் அதிகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதை வரைபடமாகவே காட்ட முடியும். அதற்குத் தேவை தரவு சேகரிப்புக் கருவி. மின்னழுத்தத்தை அடுத்தடுத்து அளந்து, எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருவதே அதன் வேலை. எதை அளக்கப்போகிறோம் என்று தெளியாமல் வாங்கும் கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அலமாரியில்தான் இருக்கும்.

3 வோல்ட் பொம்மை மோட்டாரை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்போம்.

1. அளவு எவ்வளவு பெரியது?

மோட்டாரின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்கலத்தின் எதிர்முனைப் பக்கம் 1 ஓம் மின்தடையைத் தொடராக இணைக்கிறோம். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் ஓம் விதிப்படி மின்னோட்டம் 3 ÷ 6 = 0.5 ஆம்பியர். 1 ஓம் மின்தடையின் குறுக்கே 0.5 வோல்ட் கிடைக்கும். கருவி இதைத் தாங்கினால் போதும்.

2. எவ்வளவு சிறிய மாற்றம் தெரிய வேண்டும்?

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளுக்கு ஆர்டுயினோ ஊனோ பலகை பழக்கமானது. அது 0 முதல் 5 வோல்ட் வரையிலான அளவை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். அதன் உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு படி சுமார் 1.1 மில்லிவோல்ட், அதாவது நம் அமைப்பில் 1.1 மில்லிஆம்பியர்.

கடைகளில் கிடைக்கும் ஏசிஎஸ்712 சென்சாரின் 5 ஆம்பியர் வகை, ஓர் ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் ஒப்பீட்டில் ஒரு படி சுமார் 26 மில்லிஆம்பியர் ஆகிவிடும். 100 மில்லிஆம்பியர் மின்னோட்டம் நான்கே படிகளில் அடங்கிவிடும். இந்தச் சோதனைக்கு 1 ஓம் மின்தடையே மேல்.

3. எவ்வளவு விரைவாக அளக்க வேண்டும்?

தொடக்க மின்னோட்டம் நொடியின் சிறு பகுதிக்குள் தணிந்துவிடும். மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறையே எண்ணை மாற்றுவதால் அதைத் தவறவிடும். ஊனோ நொடிக்குச் சுமார் 10,000 முறை அளக்க வல்லது. ஆனால் 9600 வேகத்தில் கணினிக்கு நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகளே போகும். ஆகவே மில்லிநொடிக்கு ஒன்றாக 500 அளவுகளை முதலில் நினைவகத்தில் சேமித்து, பிறகு அனுப்பச் சொல்லுங்கள். ஓர் அளவுக்கு 2 பைட் வீதம் 1000 பைட் ஆகும்; ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் அது அடங்கும்.

வகுப்பில் செய்ய

மின்கலத்தின் எதிர்முனையைப் பலகையின் தரை முனையுடன் இணைக்கவும். மோட்டாரின் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாகப் போடவும். நிறுத்தும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பிலிருந்து பலகையை அது காக்கும். 230 வோல்ட் மின்சாரத்தை இந்த அமைப்பில் ஒருபோதும் இணைக்கக் கூடாது.

வரைபடம் சட்டென உயர்ந்து, பிறகு இறங்கி நிலைகொள்ளும். மின்கலத்தின் உள்தடையால் உச்சம் 0.5 ஆம்பியரை எட்டாமல் போகலாம். ஏன் என்று மாணவர்களே சொல்லட்டும். நிலைகொண்ட மின்னோட்டம் 0.1 ஆம்பியர் எனில், மின்தடைகளில் செலவாவது 0.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட் எங்கே? அதுதான் சுழலும் சுருளில் தோன்றும் எதிர் மின்னியக்கு விசை. மோட்டாரின் தண்டை விரலால் மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்தால் மின்னோட்டம் ஏறுவதையும் காணலாம்.

தொழிற்சாலையில் மும்முனை மோட்டாரைச் சோதிப்பவர்களும் இதே மூன்று கேள்விகளில்தான் தொடங்குகிறார்கள். அங்கே உயர் மின்னழுத்தத்திலிருந்து கருவியைப் பிரித்துக் காக்கும் அமைப்பும், மின்னழுத்தம், மின்னோட்டம் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் அளக்கும் திறனும் கூடுதலாக வேண்டும். ஊனோ ஒன்றன்பின் ஒன்றாகவே அளக்கும். கருவியின் எல்லையை அறிந்து பயன்படுத்தும் பழக்கத்தை நம் மாணவர்கள் இந்த 3 வோல்ட் மோட்டாரிலேயே கற்றுக்கொள்ளலாம்.