ஏர் கூலர் தண்ணீருக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்



மூட்டையை எடைபோட்டு வாங்குகிறோம். சில்லறையாக விற்கிறோம். மாதக் கடைசியில் இருப்பு எடுக்கிறோம். வாங்கியதில் விற்றதும் இருப்பதும் போக மீதி சேதாரம். அது எலி தின்றதா, ஈரம் காய்ந்ததா, தராசு தவறியதா என்று தேடிப் பார்ப்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். கடையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வீட்டில் ஓடும் ஏர் கூலர் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விடலாம். தருமபுரி மாவட்டத்தில் அப்படி விடமுடியாது.

நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பும் புளோரைடும் அதிகம். புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரை நெடுநாள் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு இன்னும் கூடினால் எலும்பும் கெடும். இதைத் தடுக்கத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008-இல் தொடங்கப்பட்டு, 2013-இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் காவிரி நீரைப் பல வீடுகளில், 'போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிகிறது' என்று சொல்லி, கூலரில் ஊற்றுகிறார்கள். 2024 கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. ஒகேனக்கலிலும் நீர்வரத்து வெகுவாகக் குறைந்தது. கூலர் அதிகம் ஓடும் நாளும் தண்ணீர் குறையும் நாளும் ஒன்றாகவே வருகின்றன.

கூலர் எப்படிக் குளிர்விக்கிறது?

மண்பானைத் தண்ணீரும், நம் முன்னோர் சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் எப்படிக் குளிர்ந்தனவோ, அதே முறைதான் இதுவும். நனைந்த நார்த் தட்டி அல்லது தேன்கூடு அட்டை வழியாக விசிறி காற்றை இழுக்கிறது. நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதே ஒரு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் இது ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே குளிர்ச்சி தருவது ஆவியாகும் நீர் மட்டுமே. தொட்டியில் வழிவதும், குழாயில் ஒழுகுவதும் ஒரு டிகிரிகூடக் குளிர்விப்பதில்லை.

38 டிகிரி வெயிலில், காற்று வறண்டிருக்கும் நேரத்தில், நல்ல கூலர் காற்றைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்விக்கும். கோடை மழைக்குப் பின் புழுக்கமான நேரத்தில் மூன்று நான்கு டிகிரிதான் குறையும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டினால் போதும். சன்னலை அடைத்துக்கொண்டு கூலர் ஓட்டுவதும் தவறு. ஈரக் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உடம்பு பிசுபிசுக்கும். 'குளிரவில்லை' என்று தண்ணீரை இன்னும் திறந்துவிடுவதில் பயனில்லை.

செலவும் சேதாரமும்

தண்ணீர் மூன்று வழியில் போகிறது: ஆவி, உப்பு நீரை வெளியேற்றும் கழிவு, ஒழுக்கு. முதலாவது விற்பனை. இரண்டாவது, அளவோடு இருந்தால் தேவையான செலவு. மூன்றாவது முழுச் சேதாரம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் நம்மைவிட வெயில் கொளுத்தும் ஊர். அங்கே வீட்டுக் கூலர்களை 1990களில் அளந்து பார்த்தார்கள். கழிவுக் குழாய் இல்லாத கூலர் சராசரியாக மணிக்குச் சுமார் 13 லிட்டர் எடுத்தது. நீரை ஓயாமல் வெளியேற்றும் கழிவுக் குழாய் உள்ள கூலர் சுமார் 40 லிட்டர் எடுத்தது. ஆறு மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 160 லிட்டருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் அது பத்துக் குடம். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிறது. ஏறக்குறைய மூன்று பேருடைய ஒருநாள் பங்கு சாக்கடைக்குப் போகிறது.

கழிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எட்டு லிட்டர் ஆவியாகும் நேரத்தில் நான்கு லிட்டரை வெளியேற்றினாலே உப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறாது. அதற்குமேல் திறந்துவிடுவது வீண்.

குடத்தால் ஊற்றுபவர்களுக்கு இன்னும் எளிது. இரவில் 40 லிட்டர் ஊற்றி, காலையில் 10 லிட்டர் மிஞ்சினால், அதில் நான்கு மடங்கு உப்பு இருக்கும். அதன்மேல் புதுநீர் ஊற்றாமல், அந்தப் பத்து லிட்டரையும் இறக்கிவிட வேண்டும். அது கழிவறைக்கும் வாசல் கழுவவும் ஆகும். மாட்டுக்கும் கோழிக்கும் மட்டும் வைக்கக் கூடாது. உப்போடு புளோரைடும் அதில் கூடியிருக்கும். இப்படிச் செய்தால் போர் தண்ணீரே கூலருக்குப் போதும். தட்டியில் உப்புப் படிந்தால் புதுத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். குடிநீருக்கு மாற்று கிடையாது.

இருப்புச் சோதனை

ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள்.

1. தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். வரும் குழாயை அடையுங்கள்.

2. விசிறியும் பம்பும் நின்றிருக்க ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தொட்டியில் ஓட்டை.

3. மறுபடி கோடு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் கூலரை ஓட்டுங்கள். பிறகு அளவு தெரிந்த வாளியால் கோடு வரை ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் கூலரின் உண்மையான தேவை. பெரிய கூலருக்குப் பத்து லிட்டர் அளவில் வரலாம்.

4. இனி வரும் குழாயைத் திறந்து, வழியும் குழாயின் கீழ் வாளி வைத்து ஓட்டுங்கள். வாளி நிரம்பினால் மிதவை வால்வு கெட்டிருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் போய்விடும். ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்தது.

வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவிட்டுத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் படிந்த உப்புக்கு நம் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்தால் விட்டுப்போகும்.

கடையில் கூலர் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. மணிக்குப் பத்து லிட்டர் ஆவியானால் அந்தப் பத்து லிட்டரும் கடைக் காற்றில்தான் கலக்கிறது. வெல்லம் கசியும், புளி இளகிக் கருக்கும், சர்க்கரை கட்டிபடும், அப்பளம் நமுத்துப்போகும். கல்லாவுக்குக் காற்று வரட்டும். சரக்கறைப் பக்கம் கூலரைத் திருப்ப வேண்டாம்.

கூலரை நிறுத்துங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில் அது தேவையே. ஏ.சி.யைவிட மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுக்கிறது. குளிருக்கு ஆகும் நீர் செலவாகட்டும். ஒழுகும் நீர் நிற்கட்டும். ஒகேனக்கல் குழாயில் வருவது குடத்திற்குப் போகட்டும். கூலர் விற்கும் உறுப்பினர்கள், சரக்கை ஒப்படைக்கும்போதே மிதவை வால்வைச் சரிபார்த்து, மேலே சொன்ன சோதனையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்பினால், அது ஊருக்குச் செய்யும் நன்மை. வரும் கோடைக்கு முன் ஒவ்வொருவரும் நம் வீட்டுக் கூலருக்கு இருப்பு எடுத்துவிடுவோம்.