சோறும் கூலிதான்!



டிப்ளமோ முடித்ததும் மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று யோசிக்கும் நம்மில் பலருக்கு மூன்றாவதாக ஓர் ஆசையும் உண்டு. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாலு நாட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அது. "ஆசை இருக்குப்பா, காசுக்கு எங்கே போறது?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு மேலைநாட்டு இளைஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப்பிடித்து வரும் ஒரு வழியைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

வழி மிக எளிது. ஒரு பண்ணையில் தினமும் சில மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பதிலாகப் பண்ணைக்காரர் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தருவார். பணம் கைமாறாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "சம்பளம் வாங்கலை, அதனால இது வேலையே இல்லை" என்று நினைத்துக் கிளம்பினால் அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

1. எப்படித் தொடங்கியது?

1971-ஆம் ஆண்டு லண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கோப்பார்ட் என்ற பெண்மணிக்கு, நகர வாழ்க்கை அலுத்து, கிராமத்துக் காற்று வேண்டும் போலிருந்தது. சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியைச் சேர்ந்த பண்ணையில், வார இறுதியில் சிலர் வந்து வேலை செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார். ரசாயன உரம் போடாத இயற்கைப் பண்ணைகளுக்கு ஆள்பலம் அதிகம் தேவை; நகரத்துக்காரர்களுக்கு மண்ணைத் தொட ஆசை. இரண்டும் பொருந்திப் போனது. 'இயற்கைப் பண்ணைகளில் வார இறுதி வேலை' என்ற பொருளில் அமைந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வூஃப்' என்றார்கள்.

வார இறுதி வாரங்களானது, மாதங்களானது. பல நாடுகளுக்கும் பரவியது. பெயரின் விரிவாக்கமும் 'விருப்பத்தோடு உழைப்போர்' என்று மாறியது. அதிலிருந்த 'உழைப்போர்' என்ற சொல் குடிவரவு அதிகாரிகளிடம் சங்கடத்தை உண்டாக்கியதால், பின்னர் 'உலகளாவிய வாய்ப்புகள்' என்று மாற்றினார்கள். இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வையுங்கள். விஷயத்தின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

2. அங்கே என்ன வேலை?

களை எடுத்தல், மூடாக்குப் போடுதல், கம்போஸ்ட் குவியலைக் கிளறுதல், பழம் பறித்தல், கிளை கவாத்து செய்தல், விறகு பிளத்தல், ஆடு மாடுகளுக்குத் தீனி வைத்தல், வேலி கட்டுதல் இவைதான் பெரும்பாலும். நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் என்பது பொதுவான வழக்கம். மீதி நேரம் நம்முடையது. ஊர் சுற்றலாம், அவர்கள் மொழியைப் பழகலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தனி மதிப்பு உண்டு. வெல்டிங் தெரிந்தவன், பம்ப் மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன், சொட்டு நீர்க் குழாயில் அடைப்பு எடுக்கத் தெரிந்தவன் எந்தப் பண்ணைக்கும் வேண்டியவன்தான். ஆனால் ஒன்று, நம் கைத்தொழிலின் மதிப்பு கூடக் கூட அதைச் சோற்றுக்கு வாங்கிக்கொள்ளும் ஆசையும் எதிராளிக்குக் கூடும்!

3. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 1-ல் அங்கு வயது வந்தோருக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் (அவர்கள் நாட்டு டாலர்).

நாளுக்கு 5 மணி, வாரத்துக்கு 5 நாள் என்றால் 25 மணி நேரம். 25 x 24.95 = 623.75 டாலர். அதாவது ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நாம் கொடுக்கும் விலை இது. அந்த ஊர் வாடகை, உணவு விலை, கற்றுக்கொள்ளும் தொழில் எல்லாவற்றையும் சேர்த்தால் 'பரவாயில்லை' என்று சிலர் சொல்லலாம்.

அதே பண்ணையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள் வேலை வாங்கினால்? 48 x 24.95 = 1197.60 டாலர். சோறு அதே சோறு, கட்டில் அதே கட்டில். கூடுதலாகச் செய்த 23 மணி நேரத்தின் மதிப்பான 573.85 டாலர் பண்ணைக்காரர் பைக்குப் போய்விட்டது.

நம் ஊரில் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சாப்பாடு போட்டவரிடம் மணிக்கணக்குப் பேச நமக்கு வாய் வராது. "பாவம், நல்லா கவனிச்சுக்கறாங்க" என்று இருந்துவிடுவோம். விருந்தாளிக்கு இந்தக் குணம் அழகு. உழைப்பாளிக்கு அது நஷ்டம்.

4. சட்டத்தின் பார்வை

நியூசிலாந்தின் 2009-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டப்படி, ஆதாயத்துக்காகச் செய்யும் எதுவும் வேலைதான். பணமாக மதிப்பிடக்கூடிய உணவும் தங்குமிடமும் அந்த ஆதாயத்தில் அடங்கும். ஆகவே சுற்றுலா விசாவில் போய்ப் பண்ணையில் களை பிடுங்கினால் அது விசா மீறல். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவதோடு, அடுத்த நாட்டு விசாவுக்கும் அது கரும்புள்ளி ஆகும்.

ஆஸ்திரேலியாவில் வேறு விதமான பாடம். அங்கு 'விடுமுறையோடு வேலை' விசாவில் வந்தவர்கள், கிராமப்புறத்தில் 88 நாள் குறிப்பிட்ட வேலைகளைச் செய்தால் இரண்டாம் ஆண்டு விசா கேட்கலாம் என்று விதி. ஒரு காலத்தில் வூஃப் நாட்களும் கணக்கில் வந்தன. அந்தக் கையெழுத்துக்காகவே இலவசமாக உழைக்க வைத்த கதைகள் பெருகியதால், 2015 டிசம்பர் 1 முதல் ஊதியம் பெற்ற வேலை மட்டுமே கணக்கில் சேரும் என்று ஆக்கினார்கள்.

கூலி உண்டு என்றாலும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. அந்நாட்டு நியாயமான வேலைக்கான குறைதீர் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், இவ்வகை விசாவில் வந்த 4000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்ததில் 35 சதவீதம் பேர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கியதாகக் கூறினர். கிராமப்புற வேலை கிடைக்க முன்பணம் கொடுத்தோம் என்றவர்கள் 14 சதவீதம். இவர்களில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் வெள்ளைக்கார இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

5. நமக்குத் திறந்துள்ள கதவுகள்

2024 முதல் ஆஸ்திரேலியாவின் 462 எண் விசா இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 1000 பேர், வயது 18 முதல் 30 வரை, குலுக்கல் முறை. பள்ளிக்குப் பிந்தைய இரண்டாண்டுப் படிப்பு கேட்கிறார்கள். நாம் பத்தாவது முடித்தே டிப்ளமோவில் சேர்ந்தவர்கள் என்பதால், நம் சான்றிதழை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்த பிறகே பணம் கட்டுவது நல்லது. பிரிட்டன் 2023-ல் தொடங்கிய இளம் தொழில்முறையாளர் திட்டத்துக்குப் பட்டப்படிப்பு வேண்டும். டிப்ளமோ மட்டும் போதாது.

"டூரிஸ்ட் விசா போதும் தம்பி, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஏஜென்ட் யாராயிருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உரிமம் உள்ளவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

விசாவே வேண்டாத கதவும் ஒன்று உண்டு. வூஃப் அமைப்பு இந்தியாவிலும் இயங்குகிறது. ஆரோவில் அருகே 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் பல நாட்டு இளைஞர்கள் தங்கி மரம் நடுகிறார்கள். கோடை விடுமுறையில் இப்படி ஓர் இடத்தில் இரண்டு வாரம் இருந்து பார்த்தால், நம் முதுகும் மனசும் இதற்குத் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

6. கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

அ) தினம் எத்தனை மணி, வாரம் எத்தனை நாள், ஓய்வு எந்த நாள்?
ஆ) என்ன வேலை? மரம் அறுக்கும் இயந்திரம், டிராக்டர் உண்டா? பயிற்சியும் பாதுகாப்புக் கவசமும் தருவார்களா?
இ) தனி அறையா, பொது அறையா? பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா?
ஈ) சைவம் சாப்பிடுபவருக்கு என்ன ஏற்பாடு?
உ) பக்கத்து ஊர், பேருந்து, மருத்துவமனை எவ்வளவு தூரம்?
ஊ) அடிபட்டால் செலவு யாருடையது? காப்பீடு உண்டா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். முன்பு அங்கு தங்கியவர்கள் இருவரிடமாவது விசாரியுங்கள். டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது கையில் இருக்கும்வரைதான் "எனக்கு இது சரிப்படாது, நான் கிளம்பறேன்" என்று சொல்லும் தைரியமும் இருக்கும்.

நண்பர்களே! ஊர் பார்க்கும் ஆசையைக் கெடுப்பதற்காக இதை எழுதவில்லை. நல்ல பண்ணையில் நல்ல குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவன், காசு கொடுத்துச் சுற்றுபவன் காணாததையெல்லாம் கண்டு வருவான். ஆனால் அவன் அங்கே இனாமாகச் சாப்பிடவில்லை, உழைத்துச் சாப்பிடுகிறான். இதை அவன் முதலில் உணர வேண்டும். பிறகு பண்ணைக்காரரும் உணர்வார். கையில் தொழில் உள்ள நாம் எந்த நாட்டுக்குப் போனாலும் நம் ஒரு மணி நேரத்தின் விலையைத் தெரிந்துகொண்டு போவோம்!