மக்ரூன் மொறுமொறுப்பது ஏன்?

தாமிரபரணியின் போக்கிலேயே நெல்லையிலிருந்து கிழக்கே சென்றால், புன்னைக்காயல் அருகே ஆறு கடலில் கலப்பதைக் காணலாம். அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது தூத்துக்குடி. 1986 வரை இவ்வூரும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். நெல்லைக்கு அல்வா, தூத்துக்குடிக்கு மக்ரூன். சிறு கூம்பாக இருக்கும் இப்பண்டம் வாயிலிட்டதும் நொறுங்கும், பிறகு கரைந்தே போகும்.

இதில் சேரும் பொருள்கள் மூன்றே: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மாவு இல்லை, சோடா உப்பும் இல்லை. அப்படியானால் இதை உப்ப வைப்பது எது? வெறும் காற்று!

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். மீதி பெரும்பாலும் புரதம். புரத மூலக்கூறுகள் நூற்கண்டு போலச் சுருண்டிருப்பவை. கரண்டியால் வேகமாக அடிக்கும்போது இவை பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவராக அமைகின்றன. அதுவே நுரை. கையால் அடித்துப் பாருங்கள், தோள் வலி எடுத்துவிடும்! இதில் ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. அதிலுள்ள கொழுப்பு, புரதம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

நுரை எழுந்த பின் சர்க்கரைத் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அது குமிழிச் சுவரிலுள்ள நீரில் கரைந்து, அதைப் பாகுபோல் கெட்டியாக்கும். நுரை எளிதில் வடிந்து அமிழாது.

முந்திரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பாயிற்றே, அது நுரையைக் கெடுக்காதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த எண்ணெய் பருப்பின் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மிக்சியை விட்டுவிட்டு ஓட்டிப் பொடித்தால் உலர்ந்த தூள் கிடைக்கும்; தொடர்ந்து ஓட்டினால் செல்கள் சிதைந்து, எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். ஆகவே பரபரப்பான தூளைக் கடைசியில், இலேசாகக் கிளறிச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய மக்ரூனில் சேர்வது பாதாம். நம் முந்திரியோ பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

இனி ஒரு சோதனை. வீட்டில் ஓவன் இருந்தால் பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள். இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 120 கிராம் சர்க்கரை, 100 கிராம் முந்திரி போதும். ஒரே அளவுக் கூம்புகளாகத் தட்டில் வைத்து, 110° செ. வெப்பத்தில் வாட்டுங்கள். முக்கால் மணி நேரத்தில் சிலவற்றை எடுத்துவிடுங்கள். மற்றவை ஒன்றரை மணி நேரம் இருக்கட்டும். ஆறியபின் எடை போட்டு, கடித்துப் பாருங்கள். முதலில் எடுத்தவை கனமாகவும் நடுவில் சவ்வுபோல் இழுபடுவதாகவும் இருக்கும். எடை வித்தியாசம் முழுவதும் ஆவியாகிப்போன நீரே. மெல்லிய பிஸ்கட் மொறுமொறுப்பதும், தடித்தது நடுவில் மெத்தென்று இருப்பதும் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.

சூட்டோடு கடித்து ஏமாறாதீர்கள். சூட்டில் இளகியிருக்கும் சர்க்கரை, ஆறினால்தான் கண்ணாடிபோல் இறுகும்.

நன்கு வாட்டிய ஒன்றைக் காற்றுப் புகாத டப்பாவிலும், இன்னொன்றைத் திறந்த தட்டிலும் ஓர் இரவு வையுங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். தட்டில் இருந்தது நமத்துவிடும். ஐப்பசி மழையில், அதுவும் கடற்கரை ஊரில், சில மணி நேரமே போதும். நமத்ததை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி, ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள்: இழந்த மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பியிருக்கும்.