பிராந்தியப் பத்திரிகைகளும் நல்லாட்சியும்



"நல்லாட்சியை வலுப்படுத்துவதில் ஊடகங்களின் பங்கினை விளக்குக" என்ற வினாவைக் கண்டதும் உங்களிற் பலர், "ஊடகம் சனநாயகத்தின் நான்காவது தூண்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அவ்வரி தவறன்று. ஆனால் அது விடையின் தலைப்பு மட்டுமே. அத்தூண் எதைத் தாங்குகிறது, எப்போது ஆட்டங்காண்கிறது என்பதை எழுதினால்தான் புள்ளி கிடைக்கும்.

உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். பிரதேச சபை உங்கள் ஊர் வீதிக்குத் தார் போடுகிறது. அடுத்த மாரி மழையோடு தார் கழன்றுவிடுகிறது. ஒப்பந்தகாரர் யார்? விலைமனு முறைப்படி கோரப்பட்டதா? வேலையைப் பார்வையிட்டுக் கொடுப்பனவுக்குச் சிபாரிசு செய்தவர் யார்? கொழும்பிலிருந்து வரும் நாளிதழில் இச்செய்தி வந்தாலும் உட்பக்க மூலையில் நான்கு வரியாகவே வரும். அதை வாசிக்கும் பெரும்பாலானோருக்கு அந்த வீதி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிராந்தியப் பத்திரிகையிலோ அது முதற்பக்கச் செய்தி. தவிசாளர் வாசிப்பார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாசிப்பார், அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கவுள்ள உங்கள் பெற்றோரும் வாசிப்பர். செலவு வெளியே தெரிவது வெளிப்படைத்தன்மை. தவிசாளர் பதில் சொல்ல நேர்வது பொறுப்புக்கூறல். அடுத்த சபைக் கூட்டத்துக்கு ஊர்மக்கள் சென்று பார்த்தால் அது மக்கள் பங்கேற்பு. நல்லாட்சியின் பண்புகளை மனனம் செய்வதை விட, இப்படி ஒரு வீதியோடு சேர்த்து நினைவில் வைத்தால் பரீட்சை மண்டபத்தில் மறக்காது.

எமது நாட்டில் பிராந்தியப் பத்திரிகைக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் 1841இலேயே 'உதயதாரகை' வெளிவந்தது. 1959இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'ஈழநாடு' பின்னர் நாளிதழாகியது. 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில், ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1985இல் தொடங்கிய 'உதயன்' போர்க்காலத்தில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டையும் தாண்டி வெளிவந்தது. உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாளான 2006 மே 2ஆம் திகதி ஆயுததாரிகள் அதன் யாழ் அலுவலகத்தினுள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2013 ஏப்ரலில் அதன் அச்சு இயந்திரம் தீயிடப்பட்டது.

செய்தியாளர்களின் நிலையும் அவ்வாறே. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி உட்படப் பல ஊடகங்களுக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முறைகேடுகள் பற்றி எழுதியவர். அத்தேர்தல் முடிந்து சில நாட்களில், ஒக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு வேளையில் தமது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகள் கடந்தும் அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டவாட்சி இல்லாத இடத்தில் ஊடக சுதந்திரமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி, மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பகுதிக்கு வருவோம். "சுதந்திரமான" என்றால் எதிலிருந்து சுதந்திரம்? துப்பாக்கியிலிருந்து மட்டும் என்று எழுதினால் அது பாதி விடையே. பிராந்தியப் பத்திரிகையின் வருமானத்தில் விளம்பரம் முக்கியமானது. விலைமனு அறிவித்தல், பதவி வெற்றிடம் போன்றவற்றை வெளியிடுவோர் சபைகளும் திணைக்களங்களும். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே பணம் பெற வேண்டிய நிலை! விளம்பரத்தை நிறுத்தினால் போதும், யாரும் யாரையும் மிரட்டத் தேவையில்லை. அடுத்தது உரிமை. உதயன் உரிமையாளர் 2010 முதல் 2020 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பத்திரிகை எவ்வளவு துணிவுடையதாயினும் "இது கட்சிக்காக எழுதப்பட்டதா?" என்ற ஐயம் அத்தகைய நிலையில் வாசகருக்கு எழவே செய்யும். மறுபுறம், 1989இல் ஆரம்பித்த கொத்மலை சமூக வானொலி மக்களுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் அது அரசுக்குச் சொந்தமான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஒரு நிலையம். மக்களுக்கு நெருக்கமாக இருப்பது வேறு, சுதந்திரமாக இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை எழுதும் மாணவர் மிகச் சிலரே.

அப்படியானால் எவ்வாறு வலுப்படுத்தலாம்? அரச விளம்பரங்களை விருப்பு வெறுப்பின்றி, வாசகர் தொகைக்கேற்பப் பகிர்வது ஒரு வழி. எழுதும் செய்திக்கு மட்டும் கொடுப்பனவு பெறும் பிராந்திய நிருபருக்கு மாதச் சம்பளம் வழங்குவது இன்னொன்று. சட்டமும் கைகொடுக்கிறது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை, வெளியிடும் சுதந்திரம் உட்பட பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. 2015இன் 19ஆம் திருத்தம் 14அ உறுப்புரை மூலம் தகவலைப் பெறும் உரிமையைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் காரணம் கூறாமலே தகவல் கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முன்னர் "பெயர் குறிப்பிட விரும்பாத உத்தியோகத்தர் தெரிவித்தார்" என்று எழுதிய நிருபர், இன்று சபையின் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டலாம்.

மாதிரி வினா: பிராந்திய ஊடகமொன்றின் சுதந்திரத்தைப் பாதிக்கும் காரணிகள் மூன்றைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றை உதாரணத்துடன் விளக்குக.

குறிப்பு: "விளக்குக" என்பதற்குக் காரணம், விளைவு இரண்டும் வேண்டும். "விளம்பரம்" என்று ஒரு சொல் எழுதி நிறுத்தாதீர்கள். விளம்பரம் நின்றால் எந்தச் செய்தி வராமற் போகும், அது வராததால் உங்கள் ஊரில் யாருக்கு நட்டம் என்பது வரை எழுதுங்கள்.