இயந்திரம் நின்றபின் விமானம்

1951-ஆம் ஆண்டு பெங்களூரில் முதன்முதல் பறந்த எச்.டி.-2, இந்தியாவிலேயே வடிவமைக்கப்பெற்று, நம் விமானப் படையினர்க்குப் பறக்கக் கற்பித்த பயிற்சி விமானமாகும். அதற்கு இயந்திரம் ஒன்றே. அது வானில் நின்றுவிடின் யாது நிகழும்? விமானம் கல்லென வீழாது, சறுக்கியவாறே இறங்கும். அங்ஙனம் சறுக்க வேகம் வேண்டும். உயரத்தைக் காக்க எண்ணி மூக்கை உயர்த்துவோன் வேகத்தை இழப்பான். பின்னர்ச் சிறகும் தாங்காது. மூக்கைத் தாழ்த்துவோனே பிழைப்பான்.

இரண்டாவது, காற்றை எதிர்த்து இறங்குதல் வேண்டும். அதனால் தரையைத் தொடும் வேகம் குறையும். வேகம் பாதியாயின் மோதும் ஆற்றல் காற்பங்காகும் என்பது இயற்பியல் விதி.

இவ்விதிகள் நம் காவிரி நாட்டில் எவ்வாறு பயன்படும்? குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியை நோக்குக. சம்பா வயல் மேலிருந்து காண்போர்க்குச் சமதரையெனத் தோன்றும். சேற்றில் சக்கரம் புதையின் விமானம் தலைகுப்புறக் கவிழும். அறுவடை முடிந்து காய்ந்த வயலே தக்கது. அங்கும் காற்று இடங்கொடுப்பின், வரப்பின் குறுக்கே ஓடாது அதன் போக்கிலேயே இறங்குதல் நன்று. உழவர் நிற்கும் வயலோ, எத்துணை நல்லதாயினும் விலக்கத்தக்கதே.

விமானத்தைக் காத்தல் இப்பயிற்சியின் முடிவன்று; உயிரைக் காத்தலே முடிவு. இயந்திரம் ஓடும்போதே இறங்குமிடம் நோக்கிப் பறப்பவன், அது நின்றபோது திகையான்.