துப்பாக்கி உன் தோளில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற செப்டம்பரில் முதல் தடவையாக ஒரு விருந்தாளியை நீயே தனியாக மலைக்கு அழைத்துப் போகப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். இத்தனை நாள் கில்லியாக, அதாவது உதவியாளாக, மான்வேட்டைக்கு வழிகாட்டும் மூத்த ஸ்டாக்கரின் பின்னால் நடந்து, செத்த மானைக் குதிரைமேல் ஏற்றிக் கட்டியவனுக்கு இது பெரிய ஏற்றம்தான். ஆனால் கடிதத்தில் பாதி, எந்த ரைஃபிள் நல்லது, எந்த பைனாகுலர் நல்லது என்பதிலேயே போய்விட்டது. ஸ்காட்லாந்தில் செம்மானுக்குச் சட்டம் கேட்பது, 80 கிரெய்னுக்குக் குறையாத எடையில் உள்ளே போய் விரியும் குண்டு, வினாடிக்கு 2,450 அடி வேகம், 1,750 அடி-பவுண்டு ஆற்றல். உங்கள் எஸ்டேட்டின் பழைய துப்பாக்கியே இதற்குப் போதும். அந்தப் பேச்சை இதோடு விடு.

நீ கேட்காமல் விட்டது விருந்தாளியைப் பற்றி. மானைத் தேடுவதை ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டாய். கூட வருகிறவரை எடைபோட இன்னும் பழகவில்லை என்று தோன்றுகிறது.

அந்த எடைபோடுதல் மலையேறுவதற்கு முன்பே, சுட்டுப் பழக நிறுத்திவைத்த இரும்பு மானின் முன்னால் தொடங்கிவிடும். விருந்தாளி படுத்துக் குறிபார்த்துச் சுடும்போது நீ அந்த இரும்பைப் பார்க்காதே, அவரைப் பார். குண்டு எங்கே பட்டது என்பதை அப்புறம் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம். விசையை இழுப்பதற்கு ஒரு நொடி முன்பே இமை மூடிக்கொள்கிறதா? விரல் மெல்ல அழுத்துகிறதா, வெடுக்கென்று இழுக்கிறதா? வெடித்தபிறகும் கண் ஸ்கோப்பிலேயே இருக்கிறதா, அல்லது பட்டதா என்று பார்க்கத் தலை உடனே நிமிர்கிறதா? தலை நிமிர்கிறவர் மானைக் காயப்படுத்திவிட்டு உன்னை இருட்டும்வரை அலைய விடுவார். இவருக்கு நூறு மீட்டருக்கு மேல் கிடையாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொள். அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நெருக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பது உன் பாடு.

பிறகு ரைஃபிளை வாங்கி, அதன் தோட்டா அறை காலி என்று பார்த்து, உறையில் போட்டு உன் தோளில் மாட்டிக்கொள். கடைசி மேட்டில் படுத்து, எந்த மான் என்று நீ காட்டும்வரை அது உன்னிடம்தான். இதைப் பாதுகாப்புக்கான வழக்கம் என்பார்கள், சரிதான். ஆனால் சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் யார் என்பதும் அதில் இருக்கிறது. வருகிறவர் பெரிய கம்பெனி முதலாளியாக இருக்கலாம், நாள் முழுக்க ஆணையிட்டே பழகியவராக இருக்கலாம், ஒருநாள் வேட்டைக்கு நீ ஒரு மாதத்தில் காணாத பணத்தைக் கட்டியிருக்கலாம். இருக்கட்டும்.

அவர் மனசில் இருப்பது பன்னிரண்டு கிளைக் கொம்பு. 1851-இல் லாண்ட்சியர் வரைந்த ‘மோனார்க் ஆஃப் தி கிளென்’ ஓவியம் விஸ்கி விளம்பரம்வரை வந்துவிட்டதால், ஹைலாண்ட்ஸ் என்றாலே மார்பை நிமிர்த்தி நிற்கும் அந்த ஒரு கலைமான்தான் எல்லாருக்கும் ஞாபகம். நீ அவருக்குக் காட்ட வேண்டியது அதுவல்ல. முதுகு தொய்ந்து, வயிறு இறங்கி, கழுத்தைத் தோளுக்கு மேலே தூக்காமல் நடக்கிற கிழட்டு மான். போன வருஷத்தைவிடக் கொம்பு சிறுத்துப்போனது. அல்லது கிளையே இல்லாமல் ஈட்டிபோல நீண்ட கொம்புள்ளது. சண்டையில் எதிராளியின் விலாவில் நேராக இறங்கும் கொம்பு அது. நல்ல வயதில் இருக்கிற நல்ல மான் இன்னும் சில வருஷம் குட்டி போடவைக்கட்டும். நீ விவரமாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்த முகத்தோடு கீழே இறங்கினாலும் மாலையில் சூப் குடிக்கத்தான் போகிறார்கள்.

காற்றைப் பற்றி உனக்குத் தெரியும் என்கிறாய். தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தூரத்து முகட்டில் மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது உன் காலடியில் இருக்கும் குழிவுக்குப் பொருந்தாது. மூன்று பக்கமும் சரிவு சூழ்ந்த இடத்தில் காற்று சுவரில் மோதித் திரும்பி, உன் வாடையை நீ நினைக்காத பக்கத்திலிருந்து மானுக்குக் கொண்டுபோகும். சதுப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பஞ்சுப்புல்லை ஒரு சிட்டிகை கிள்ளிப் பையில் வைத்துக்கொள். ஐம்பது அடிக்கு ஒருமுறை ஓர் இழையை விட்டுப்பார். காற்று ஓய்ந்த வெயில் நாளில், சூடேறிய சரிவில் காற்று மேலே ஏறும். அப்போது மேலிருந்து இறங்கு. பொழுது சாய்ந்து குளிர்ந்தால் அதே காற்று கீழே வழியும். அப்போது கீழிருந்து ஏறு.

நீ குறிவைத்த கலைமான் உன்னைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. அக்டோபர் தொடக்கத்தில் அது தீனியை மறந்து, சேற்றில் புரண்டு கருத்து, கத்திக்கொண்டு திரியும். அதைச் சுற்றிப் படுத்திருக்கிற பிணைமான்கள்தான் உன்னைப் பார்க்கும், அதிலும் முன்னால் நிற்கிற கிழவி. அவள் தலையைத் தூக்கி உன் பக்கம் வெறித்தால், முழங்கை ஓடைத் தண்ணீரில் இருந்தாலும் சரி, அப்படியே கிட. பின்னால் வருகிற விருந்தாளி “ஏன் நின்றுவிட்டோம்?” என்று கேட்பார். அதனால் கைச்சாடை இரண்டையாவது அடிவாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடு.

இரண்டு மணி நேரம் வயிற்றால் ஊர்ந்து போனபிறகு, சிவப்புச் சட்டைக்காரர் இருவர் முகட்டைத் தாண்டி வந்து மொத்தக் கூட்டத்தையும் கலைத்துவிடுவார்கள். இது கட்டாயம் நடக்கும். 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி மலையில் நடக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கையசைத்து வணக்கம் சொல்லு. உன்னைத் திட்டச்சொல்லி விருந்தாளி தூண்டினாலும் திட்டாதே.

நேரக் கணக்குக்கு 1892-இல் நைஸ்மித் சொன்னதை வைத்துக்கொள்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. நைஸ்மித் மலையேறிப் பழகியவர், உன் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர். நனைந்த ஆள் தடுக்கி விழத் தொடங்கினால், பேச்சு குழறினால், மான் எதிரே நின்றாலும் அன்றைய வேட்டை முடிந்தது.

சுட்டபிறகு ஓடாதே, அவரையும் ஓடவிடாதே. மறுதோட்டா ஏற்றிக் காத்திரு. மான் அசையவில்லை என்று உறுதியான பிறகு துப்பாக்கியைக் காலி செய். படம் எடுத்துக்கொள்ளட்டும், கை குலுக்கட்டும். அதன்பிறகு கத்தி. கழுத்தடியில் உணவுக்குழாயைப் பிரித்து முடிச்சுப் போடு. இல்லாவிட்டால் இரைப்பையை இழுக்கும்போது பச்சைக் கூழ் கறியில் கொட்டிவிடும். வயிற்றுத் தோலைக் கிழிக்கும்போது கத்தி முனைக்கு அடியில் உன் இரண்டு விரல் இருக்கட்டும், அலகு மேல்நோக்கி. குடல் வெளியே வந்ததும் தூக்கி எறிந்துவிடாதே. குடலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வை விரித்து, வரிசையாக இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தடவிப்பார். வீங்கியிருந்தால், சீழ் இருந்தால் அந்த உடலைத் தனியே வை, மேலே சொல்லு. ஈரலையும் பார். இந்தக் கறி யாரோ ஒரு வீட்டுத் தட்டுக்குப் போகிறது. பல விருந்தாளிகள் இந்த நேரத்தில் தள்ளிப்போய் நின்று மலையை ரசிப்பார்கள். பக்கத்தில் வந்து மண்டியிட்டு, கால் பிடிக்கட்டுமா என்று கேட்கிறவர் கிடைத்தால் அடுத்த வருஷமும் அவரைக் கூப்பிடச் சொல்லு.

இதெல்லாம் அக்டோபர் 20 வரை. ஆண் மானுக்கான தடைக்காலத்தை 2023-இல் எடுத்துவிட்டார்கள் என்றாலும், விருந்தாளிகள் பெரும்பாலும் பழைய கணக்கில்தான் வருகிறார்கள். மறுநாள், 21-ஆம் தேதி, பிணைமான் பருவம் தொடங்கி பிப்ரவரி 15 வரை போகும். என்னைக் கேட்டால் இந்தத் தொழில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பணம் கட்டி வருகிறவர் அநேகமாக யாரும் இல்லை, படம் இல்லை, கொம்பும் இல்லை. மூன்றரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். ஒரு தாயைச் சுட்டால் அதன் குட்டியையும் சுட வேண்டும்; அதைப் பனியில் தனியே விட்டுவிட்டு இறங்குகிறவன் ஸ்டாக்கர் இல்லை. அந்த வேலை ஒருநாளும் சுலபமாகாது. சுலபமாகிவிட்டதாக யாராவது சொன்னால் அவனோடு மலைக்குப் போகாதே.

ஆனாலும் செய்தாக வேண்டும். ஓநாய் இந்த மலையை விட்டுப் போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மான் பெருகினால் முளைக்கிற பைன் கன்று ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்திலேயே கடித்துவிடும். கெய்ர்ங்கார்ம் மலைத்தொடரில் கிளென்ஃபெஷியில் 2004-இல் ஹெலிகாப்டர் வைத்து மான்களைக் குறைத்தபோது ஸ்டாக்கர்களே கொதித்தார்கள். தங்கள் பிழைப்புக்கே உலை என்று நினைத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்று அங்கே வேலி இல்லாமலே பைன் கன்றுகள் ஹெதர் புதரைத் தாண்டி எழுந்து நிற்கின்றன, அதுவும் உண்மை. மழை நாளில் ஒதுங்க மரம் இருந்தால் மானும் பெரிதாக வளரும். நீ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா.

உங்கள் எஸ்டேட்டில் இந்தக் குளிர்காலத்துக்கு எத்தனை பிணைமான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அடுத்த கடிதத்தில் அந்தக் கணக்கை எழுது. எப்படி முடிவு செய்தார்கள், எந்தச் சரிவில் மரக்கன்றுகள் அதிகம் கடிபட்டிருக்கின்றன என்பதையும் கேட்டு எழுது. உண்ணிக் கடியைத் தினமும் பார்த்துக்கொள், முழங்காலின் பின்பக்கம் உட்பட.

அன்புடன்,
அண்ணன்